யாருடைய பாடு?

லைட்ஹவுஸ் குப்பத்தில் நாங்கள் நடத்திய முதல் நிகழ்ச்சியின் வரவு செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மைக் செட்டுக்கு 3,500 ரூபாய். ஜெனரேட்டரும் டீசலும் 1,800. பின்னால் கட்டிய பேனர் 900. பொன்னேரியிலிருந்து நாற்காலி ஏற்றி வந்த வண்டிக்கு 1,200. டீ, சுண்டல் 1,100. சால்வை மூன்று, 360. மொத்தம் 8,860 ரூபாய். கூட்டல் சரியாக இருக்கிறது. பாடியவர்கள் என்று ஒரு வரி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பெண்ணியம் பாடம் நடத்துகிறவள் நான்.

நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அன்று ஒப்பாரி பாடிய ஆயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பழவேற்காடு மார்க்கெட்டில் ஐம்பது வருஷம் மீன்கூடை சுமந்தவர். கழுத்தில் நாங்கள் போர்த்திய சால்வை அப்படியே இருந்தது.

“டீச்சரம்மா, மைக் செட்டுக்காரனுக்குத் துட்டு குடுத்தியா?”

“குடுத்துட்டோம் ஆயா.”

“சேர் தூக்குனவனுக்கு?”

“அவங்களுக்கும்தான்.”

“அப்ப பாடுன எனக்கு இன்னா?”

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். இது லாபத்துக்காக நடத்துவதில்லை, நாங்கள் ஏழு பெண்கள் கைக்காசு போட்டு நடத்துகிறோம், இதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் கிடையாது என்றேன். ஆயா பொறுமையாகக் கேட்டார்.

“லாபம் இல்லன்னா நஷ்டந்தானே. அந்த நஷ்டம் யார் தலையில வுழுந்துச்சு? மைக் செட்டுக்காரன் தலையில வுழல. உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. நான் இன்னைக்குக் கூடை தூக்கல.”

நான் விடவில்லை. சாவு வீட்டில் பாடும்போது காசு வாங்குவீர்களா என்று கேட்டேன். கேள்வி கேட்டு மடக்கிவிட்டதாக ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“வாங்க மாட்டேன். அவளுங்க என் ஜனம். நான் செத்தா அவளுங்க வந்து மாரடிச்சு அழுவாளுங்க. நீ வருவியா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். முழுப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

*

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துக்குப் பக்கத்தில், ஒருபுறம் ஏரியும் மறுபுறம் கடலுமாக இருக்கும் மணல்திட்டில் அமைந்தது லைட்ஹவுஸ் குப்பம். பாலத்தைத் தாண்டினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. கோட்டை அழிந்துவிட்டது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் செதுக்கிய எழுத்துகளோடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்துப்போன வணிகர்களின் கல்லைக் காக்கச் சட்டம் இருக்கிறது. செத்தவர்களுக்காக இந்தக் கரையில் பெண்கள் பாடி வந்த பாட்டுக்கு எந்த வேலியும் இல்லை. அந்த ஆதங்கத்தில்தான் என் மாணவிகளோடு நான் அங்கே முதலில் போனேன். சேகரிக்கப் போனோம். பிறகு, சேகரிப்பது மட்டும் போதாது, அவர்கள் பாட ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியது. வலை பின்னும் கூடத்தை மாதத்தில் ஒரு மாலை கேட்டு வாங்கினோம். பாட்டு, கூத்து, கதை சொல்லல், கவிதை. டிக்கெட் கிடையாது.

கலைக்கு இடம் அமைத்துக் கொடுக்க நாங்கள்தான் வந்திருக்கிறோம் என்பது எங்கள் நினைப்பு. அந்த ஊருக்கு அந்த வித்தை ஏற்கெனவே தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது. எந்த மீனவக் குப்பத்திலும் அம்மன் திருவிழா வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து வரி போடும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்தப் பணத்தில் பந்தல், மேளம், இரவு முழுக்கக் கூத்து. டிக்கெட் இல்லை, லாபம் இல்லை, விளம்பரப் பலகை இல்லை. லாப நோக்கமற்ற கலைமேடை என்று இன்று விண்ணப்பப் படிவங்களில் நாம் எழுதுவதை, படிவம் இல்லாமலே தலைமுறைகளாக நடத்தி வந்திருக்கிறார்கள்.

ஆனால் தலைக்கட்டு என்றால் என்ன? கல்யாணமான ஆண். அவன் பேரில்தான் வரி. வரி கட்டுகிறவனுக்குத்தான் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேச்சு. எந்தக் கூத்துக் குழுவைக் கூப்பிடுவது, எந்தக் கதை ஆடுவது, எத்தனை இரவு என்பதையெல்லாம் அங்கேதான் முடிவு செய்வார்கள். புருஷனை இழந்த பெண்ணிடம் வரி கேட்பதில்லை என்று ஒரு பெரியவர் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். இரக்கம்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் வரி கேட்கப்படாதவளுக்கு வாக்கும் கேட்கப்படுவதில்லை. சலுகை என்ற பெயரில் வரும் விலக்கு அது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தலைக்கட்டு வரியாகப் போகும் ரூபாயில் பாதி, ஏலத்தில் மீன் எடுத்துக் கூடை சுமந்து விற்ற பெண்ணின் கையிலிருந்து வந்தது. பணம் அவளுடையது, பேர் அவனுடையது. கூத்தை அவள் கடைசி வரிசையில், தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்க்கிறாள்.

இந்த ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. ஏரி முகத்துப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும் இடங்கள் குறைவு, வலைகள் அதிகம். எனவே அந்த இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சில ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. சீட்டுப் போட்டுப் பிரிப்பதும், சுழற்சியாகக் கொடுப்பதும் உண்டு. நல்ல இடம் பணக்காரனுக்கே எப்போதும் போவதில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு. பங்கீட்டு நீதி பற்றி எத்தனையோ மேலைத் தத்துவ நூல்களை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அவை சொல்ல வருவதில் பாதியை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

மீதிப் பாதியை அந்தச் சொல் மறைக்கிறது. பாடும் தலைக்கட்டுக்குத்தான். பெண்ணுக்குப் பாடு கிடையாது. முறைக்குள் பிறக்காத சாதிகளுக்கும் கிடையாது. இதே ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பரிக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, வெறும் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வலையுமில்லை, பாடுமில்லை.

தமிழில் பாடு என்றால் முறை. உழைப்பும்தான், வயிற்றுப்பாடு என்கிறோம். துன்பமும்தான், அவள் பட்ட பாடு என்கிறோம். ஒரு பெண்ணைப் பார்த்து ‘பாடு’ என்று சொன்னால் அது ஏவல். நாங்கள் ஆயாவைப் பார்த்து அந்தக் கடைசிப் பொருளில் மட்டும் சொன்னோம். மற்ற மூன்றையும் ஆயா எங்களுக்கு நினைவுபடுத்தினார்.

*

கலைக்குக் கூலி கேட்பது இழிவு என்ற நினைப்பு நம்மிடம் எப்படி வந்தது? நம் பழைய இலக்கியத்தில் அந்த வெட்கம் இல்லை. ஆற்றுப்படை என்ற வகையே பிழைப்பைப் பற்றியதுதான். பரிசில் பெற்று வரும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞருக்கு, இந்த வழியாகப் போ, அந்த வள்ளலிடம் கேள் என்று சொல்லும் வகை. தனக்குக் கிடைத்த ஆதரவை ஒளித்து வைக்காமல் அடுத்தவருக்கு வழி காட்டும் அறம் அதில் இருக்கிறது. புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்ற துறையிலேயே பாடல்கள் உண்டு. ஆனால் பத்துப்பாட்டில் நெடும் பாடல்களாக ஐந்து ஆற்றுப்படைகள் இருந்தும், விறலிக்கென்று ஒன்று இல்லை. அவளுக்குச் சிறிய பாட்டுப் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஔவையோ, பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாயில்காவலனிடம், திறமை உள்ளவருக்கு எத்திசை போனாலும் சோறு உண்டு என்ற பொருளில் பேசிவிட்டு யாழைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிறாள். ஆயாவின் கேள்விக்கு அவளே முன்னோடி.

அப்படியானால் காசு கொடுத்தால் உரிமை வந்துவிடுமா? இங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாளின் வாழ்க்கை நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

1878இல் தேவதாசி மரபில் பிறந்தவர். பாடிச் சம்பாதித்துச் சென்னையில் செல்வாக்கோடு வாழ்ந்தவர். முத்துப்பழனி என்ற 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ நூலை, பிற்காலத்தில் வெட்டப்பட்ட பகுதிகளையும் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். ஒரு பெண் காமத்தைப் பற்றி எழுதியதும், இன்னொரு பெண் அதை அச்சிட்டதும் அன்றைய பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. 1911இல் அரசு அந்த நூலைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது.

இதே நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதை அறிந்து, தன் சொந்தப் பணத்தைப் போட்டு அதை எழுப்பினார். 1921இல் தொடங்கிய வேலை 1925இல் குடமுழுக்கோடு முடிந்தது. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிப் பாடும் அந்த இடம் ஒரு பெண்ணின் உழைப்புக் காசில் எழுந்தது. ஆனால் ஆராதனையை நடத்திய ஆண்களின் கட்சிகள், பெண்கள் அங்கே பாட அனுமதிக்கவில்லை. கட்டியவள் பாடக்கூடாது!

அவர் வெளியேறவில்லை, கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் இல்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஒரு ஆராதனையைத் தொடங்கினார். ஆண்களின் இரு கட்சிகளுக்கு எதிரே மூன்றாவதாகப் பெண்கள் கட்சி. 1940ஐ ஒட்டி எல்லாக் கட்சிகளும் ஒன்றானபோதுதான் பெண்களும் பொது ஆராதனையில் பாட வழி பிறந்தது. 1952இல் அவர் இறந்தபோது அவருக்கும் அங்கேயே நினைவிடம் எழுப்பினார்கள். தியாகராஜரை நோக்கி அமர்ந்த சிலையாக இன்றும் இருக்கிறார்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. ‘காசு கொடுத்தவருக்கே மேடை சொந்தம்’ என்பது உலகத்தின் விதி என்று சொல்வார்கள். பெண் காசு கொடுக்கும்போது அந்த விதி வேலை செய்வதில்லை. பெண் கொடுத்தால் அது பக்தி, தியாகம், சேவை. ஆண் கொடுத்தால் அது நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலி. 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்துக் கிடைத்த பணம் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க உதவியது. எத்தனையோ கட்டடங்கள் அவருடைய கச்சேரி வசூலில் எழுந்தன. 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி ஒரு பெண்ணுக்கு, அதே எம்.எஸ்ஸுக்கு, சங்கீத கலாநிதி பட்டம் கொடுக்க 1968 வரை நாற்பது ஆண்டுகள் ஆயின.

தானே எல்லாவற்றையும் சுமந்த இன்னொருவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். முழுக்கப் பெண்களே நடித்த நாடகக் கம்பெனியை நடத்தினார். போக்கிடமில்லாத பெண்களுக்கு அது வீடாகவும் இருந்தது. அவர் நாடகம் பார்க்கச் சிறப்பு ரயில்கள் ஓடியதாக நாடக வரலாறு எழுதியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கடைசியில் வறுமையில் செத்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார்கள், ஏதோ தாராளமான பெண்ணுக்கு அதுதான் இயல்பான முடிவு என்பது போல. எனக்கு அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். அத்தனை பேருக்குச் சோறு போட்ட கம்பெனியின் நஷ்டம் யார் தலையில் விழுந்தது? ஆயாவின் கேள்வியேதான்.

*

நம் காலத்துக்கு வருவோம். 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு கலை விழா தொடங்கியது. டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து முன்னெடுத்தது. கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், கட்டைக்கூத்து எல்லாம் ஒரே மேடையில், யாரும் வந்து உட்காரலாம். சபா மேடைகளுக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற பேச்சை அது பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதே கரையில், பெசன்ட் நகரில், நடனக் கலைஞர் சந்திரலேகா தான் வாழ்ந்த இடத்தையே கலைகளுக்கான திறந்த வெளியாக ஆக்கினார். 2006இல் அவர் மறைந்த பிறகும் ‘ஸ்பேசஸ்’ என்ற பெயரில் அது தொடர்ந்தது. தனக்கென்று ஒரு வீடு கிடைத்த பெண் அதை என்னவெல்லாம் ஆக்க முடியும் என்று மாணவிகளிடம் சொல்லும்போது அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் இன்னொரு பாடம். 1990இல் கலைஞர்கள் சங்கமாகத் தொடங்கி, 2002இல் உறைவிடப் பள்ளியானது. ஆண்களே பெண்வேடமும் கட்டிய கூத்தில் பெண்பிள்ளைகள் கட்டை கட்டி, கிரீடம் வைத்து ஆடினார்கள். அங்கே படித்தவர்களிடமிருந்து பெண் தலைமையில் ஒரு குழுவே உருவானது. அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

ஓர் இடத்தைத் தொடங்கப் பணம் கிடைக்கும். தொடர்ந்து நடத்தத்தான் கிடைக்காது. அதற்குக் காரணம் நன்கொடையின் இயல்பிலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கலையும் பண்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பிடித்த சொல் ‘நிகழ்ச்சி’, பிடிக்காத சொல் ‘நிர்வாகம்’. நிகழ்ச்சியைப் புகைப்படம் எடுக்கலாம். நிர்வாகத்தை எடுக்க முடியாது.

அந்த நிர்வாகம் என்ன என்று எங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். கூடத்தைப் பெருக்குவது. பஞ்சாயத்தாரிடம் சாவி வாங்கி, மறுநாள் காலைக்குள் திருப்பிக் கொடுப்பது. பாட வரும் பெண்ணின் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. அவள் வீட்டுக்காரரிடம் போய், எட்டரை மணிக்குள் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்வது. தண்ணீர் பிடித்து வைப்பது. கழிப்பறை இருக்கும் வீட்டில் முன்கூட்டியே கேட்டு வைப்பது. வீட்டில் நாம் சம்பளமில்லாமல் செய்யும் வேலைகளின் பட்டியல்தான் இது. வீட்டில் அதற்கு அன்பு என்று பேர், கலைமேடையில் அர்ப்பணிப்பு என்று பேர். இரண்டு இடத்திலும் கணக்கில் வராது.

*

இரண்டாம் ஆண்டு ஒரு நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. கடற்கரையின் முகத்தையே மாற்றும் வேலைகளில் அதற்குப் பங்கு உண்டு. ஓராண்டுச் செலவு முழுவதையும் தருவதாகச் சொன்னார்கள். பேனரில் பெயர் வர வேண்டும். பிறகு, மெல்லிய குரலில், சாவுப் பாட்டெல்லாம் எதற்கு, குழந்தைகள் நடனம் வைக்கலாமே என்றார்கள்.

எங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் உடனே மறுத்தோம். ஊர்ப் பெண்களிடம் சொன்னபோது நாங்கள் எதிர்பார்த்த கைதட்டல் கிடைக்கவில்லை. “துட்டு மேல பேர் எழுதியாம்மா இருக்கு? வாங்கி எங்களுக்குக் குடுக்க வேண்டியதுதானே” என்றார் ஒரு அக்கா. இன்னொருவர், “அவன் துட்டை வாங்கினா, அவனுக்கு எதிரா நாளைக்கு ரோட்ல உக்கார முடியுமா?” என்று திருப்பிக் கேட்டார். இருவரும் மீன் விற்பவர்கள், இருவருமே சரியாகத்தான் பேசினார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுப்பது எனக்கு எளிது. மறுத்தாலும் முதல் தேதி என் சம்பளம் வந்துவிடும். அந்தப் பணத்தில் ஆயாவுக்குக் கிடைத்திருக்கக் கூடிய கூலியை, என் கொள்கைக்காக நான் தள்ளிவிட்டிருக்கிறேன். தூய்மைக்கும் ஒரு விலை உண்டு. அதை வழக்கமாகத் தூய்மையைப் பேசுகிறவர் கொடுப்பதில்லை. அப்படியென்றால் எல்லாப் பணத்தையும் வாங்கிவிடலாமா? அதுவும் இல்லை. எந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று சொல்லும் பணம், நாகரத்தினம்மாளைப் பாட விடாதவர்களின் கட்சியில் சேர்ந்துவிடுகிறது.

பல வாரம் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். மறுக்கலாம், ஆனால் மறுப்பின் விலையை மறுப்பவர் தர வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் நாங்கள் சம்பளத்துக்கு ஏற்ற விகிதத்தில் மாதாமாதம் போடுகிறோம். ஊரில் ஒரு பெண் பத்து ரூபாய் போட்டாலும் அவள் பேரில் எழுதுகிறோம், வீட்டுக்காரர் பேரில் இல்லை. ஒன்றுமே போடாதவருக்கும் கூட்டத்தில் ஒரு குரல் உண்டு. காசுக்கும் குரலுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டோம். தலைக்கட்டு வரியில் எங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு, தலைக்கட்டை விட்டுவிட்டோம்.

நோட்டில் முதல் வரி இப்போது பாடுகிறவரின் கூலி. அதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் மைக். மிஞ்சாவிட்டால் மைக் இல்லை. பேனரை நிறுத்திவிட்டோம். கூடத்தைப் பெருக்கும் அக்காவுக்கும் கூலி. விளைவாக, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாலைகள் நடந்த இடத்தில் ஐந்து மாலைகள்தான் நடக்கின்றன.

என் மாணவி ஒருத்தி இதை ஏற்கவில்லை. “காசில்லாத மேடையாவது இருந்தால் ஏழு பேர் கூடுதலாகப் பாடியிருப்பார்கள். மேடையே இல்லாமல் போவதைவிட அது மேல் இல்லையா மேடம்?” என்றாள். நியாயமான கேள்வி. எனக்கே சில மாதம் அப்படித் தோன்றுகிறது. நான் சொன்ன பதில் இது: இலவசமாகப் பாடக்கூடியவர் யார்? அன்றைக்குக் கூடை தூக்காவிட்டாலும் அடுப்பு எரியும் வீட்டில் இருப்பவர்தான். காசில்லாத மேடை எல்லாருக்கும் திறந்திருப்பது போலத் தோன்றும். கொஞ்ச நாளில் வசதி உள்ளவர்கள் மட்டுமே அதில் மிஞ்சுவார்கள். அப்புறம், ஏழைப் பெண்களுக்குக் கலை ஆர்வம் இல்லை என்று நாமே ஒரு கட்டுரை எழுதுவோம்.

அவள் தலையாட்டினாள், முழுதாக ஒப்பவில்லை. அது அவளுடைய உரிமை.

ஆனால் கூலி கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா? ஆயா கேட்டது கூலியை மட்டும் இல்லை. “நீ வருவியா?” என்றும் கேட்டார். சாவு வீட்டில் அவர் இலவசமாகப் பாடுவது தர்மம் இல்லை, கைமாற்று. இன்று நான் உனக்காக அழுகிறேன், நாளை நீ எனக்காக. அதுவும் ஒரு பாடு, தலைக்கட்டு இல்லாத, பெண்களே வைத்த முறை. அந்த வட்டத்துக்குள் இருப்பவர் ஒருவரிடம் ஒருவர் சும்மா கேட்கலாம், கொடுக்கலாம். வெளியே நின்றுகொண்டு, “அன்பாகப் பாடுங்கள்” என்று கேட்பவர் திருப்பித் தர முடியாத கடனை வாங்குகிறார். கலைஞரிடம், தோழியிடம், தாயிடம் ‘சும்மா’ கேட்பதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: அவர் முறை வரும்போது நான் அங்கே இருப்பேனா? இருப்பேன் என்றால் அது அன்பளிப்பு. இல்லையென்றால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் கூடத்திலும் ஓட்டை தெரிகிறது. பரிக் கூடையைப் பல்லில் கடித்து நிற்கும் இருளர் பெண்கள் இதுவரை ஒரே ஒரு மாலை வந்தார்கள். பாடினார்கள், கூலி வாங்கினார்கள், போய்விட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. கூடம் எங்களுடையது இல்லையே என்றார் ஒருவர். வலை பின்னும் கூடத்தில் வலை இல்லாதவர் எப்படி உட்காருவார்? அவர்களுடைய இடத்துக்கு நாங்கள் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஊரில் அதற்கு முணுமுணுப்பு இருக்கிறது. எங்கள் ஏழு பேருக்குள்ளும் இருக்கிறது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அந்தப் பழைய நோட்டைப் போல ஒரு வரி விட்டுப்போன கணக்காகிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் நிற்கும். மார்க்கெட்டில் வரத்து குறையும், கூடைக்காரிகளின் கையில் காசு ஓடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் நிகழ்ச்சி வைக்க வேண்டும், கூலி கூடவே கொடுக்க வேண்டும் என்று போன கூட்டத்தில் ஆயா சொன்னார். உண்டியலில் ஒன்றும் விழாத மாதங்கள் அவை என்று நான் கணக்கைக் காட்டினேன்.

“அதுக்குத்தானே உன்னைச் சேர்த்துக்கினோம்” என்றார்.

சேர்த்துக்கொண்டார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். மே மாத நிகழ்ச்சிக்கு முதல் வரியை எழுதிவிட்டேன். கீழே இருக்கும் வரிகளை எப்படி நிரப்புவது என்று இன்னும் தெரியவில்லை.